சார் எஃப்.டி.பி.யில் இருக்கார்!

போன செமஸ்டரில் ஒரு நாள் ரெக்கார்ட் நோட்டில் கையெழுத்து வாங்க ஸ்டாஃப் ரூமுக்குப் போனோம். சார் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஸ்க்ரீனில் யாரோ ஒருவர் மெஷின் லேர்னிங் பற்றி ஸ்லைடு ஸ்லைடாகப் பேசிக்கொண்டிருந்தார். சாரோட கையிலோ எங்களுடைய இன்டர்னல் பேப்பர், சிவப்புப் பேனா. "சார், பிஸியா இருந்தா அப்புறம் வர்றோம்" என்றோம். "அதெல்லாம் இல்லப்பா, எஃப்.டி.பி. ஓடிட்டு இருக்கு, நீங்க குடுங்க" என்று நோட்டை வாங்கி வரிசையாகக் கையெழுத்துப் போட ஆரம்பித்தார். பாதியில் ஸ்பீக்கரில் ஒரு குரல்: அட்டெண்டன்ஸ் லிங்க்கை சாட்டில் போட்டிருக்கிறோம், ஐந்து நிமிடத்தில் க்ளோஸ் ஆகிவிடும். சார் பேனாவைப் போட்டுவிட்டுப் பாய்ந்து போய் அதை மட்டும் க்ளிக் செய்தார்.

வெளியே வந்ததும் எங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கொரோனா காலத்தில் ஸ்கூல் ஆன்லைன் கிளாஸில் நாம் செய்த அதே வேலை! கேமரா ஆஃப், மைக் மியூட், அட்டெண்டன்ஸ் சொல்லும்போது மட்டும் உயிர் வரும். ஆனால் ஹாஸ்டலுக்குத் திரும்பி நடக்கும்போது நண்பன் ஒரு கேள்வி கேட்டான். "டேய், அந்த எஃப்.டி.பி. யாருக்காகடா? நமக்குப் பாடம் நல்லா நடத்தணும்னுதானே?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. தேட ஆரம்பித்தேன். தேடியதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் எஃப்.டி.பி. என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். ஃபேகல்டி டெவலப்மென்ட் புரோகிராம். ஆசிரியர்கள் மாணவர்களாக உட்காரும் பயிற்சி. ஐந்து நாள் இருக்கும், ஒரு வாரம் இருக்கும், சில சமயம் இரண்டு வாரம். நம் ஊரில் பி.எட். மாதிரி ஓர் ஆசிரியர் பயிற்சிப் படிப்பு முடிக்காமல் ஸ்கூல் டீச்சர் ஆக முடியாது. இன்ஜினியரிங் காலேஜில் அப்படி இல்லை. எம்.இ. முடித்துவிட்டு ஜூன் மாதம் வேலைக்குச் சேர்ந்தால், ஜூலையில் அறுபது பேர் முன்னால் சாக்பீஸோடு நிற்க வேண்டியதுதான். பாடம் எப்படி நடத்துவது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். தனக்கு நடத்திய ஆசிரியரைப் பார்த்து வந்த பழக்கம்தான் முதல். அதனால்தான் வேலையில் சேர்ந்த பிறகு வரும் பயிற்சி இன்ஜினியரிங் ஆசிரியர்களுக்கு இவ்வளவு முக்கியம்.

இதற்கு அரசு ஏற்பாடுகள் பழையவை. சென்னை தரமணியில் இருக்கும் என்.ஐ.டி.டி.டி.ஆர். 1964இல் தொடங்கியது. தொழில்நுட்ப ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதற்கென்றே இருக்கும் நிறுவனம். 1970இல் க்யூ.ஐ.பி. வந்தது. வேலையில் இருக்கும் ஆசிரியர்கள் ஐ.ஐ.டி. போன்ற இடங்களுக்குப் போய் மேல்படிப்புப் படித்துவிட்டுத் திரும்பலாம். அந்தக் காலத்தில் பயிற்சி என்றாலே பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயில் ஏறுவதுதான். இப்போது ஏ.ஐ.சி.டி.இ.யின் அடல் அகாடமி எஃப்.டி.பி.கள் ஆன்லைனிலும் நடக்கின்றன, நேரிலும் நடக்கின்றன. புதிதாகச் சேரும் ஆசிரியர்களுக்கென்று ஏ.ஐ.சி.டி.இ. கொண்டுவந்த என்.ஐ.டி.டி.டி. திட்டத்தில் எட்டு மாட்யூல்கள், எல்லாம் ஸ்வயம் தளத்தில்.

ஆன்லைனா, நேரிலா, எது நல்லது? இந்தக் கேள்வியை நான் சில ஸ்டாஃபிடம் நேராகவே கேட்டேன். பதில் இரண்டு விதமாக வந்தது, இரண்டும் நியாயமாகவே இருந்தது.

ஒரு மேம் சொன்னது: "நேர்ல போற எஃப்.டி.பி. நல்லாத்தான் இருக்கும். ஆனா ஒரு வாரம் வெளியூர்ல தங்கணும்னா என் குழந்தைய யாரு ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறது? ஆன்லைன் வர்றதுக்கு முன்னாடி நாலு வருஷம் நான் எதுக்குமே போகல." இதை நாம் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆன்லைனைக் கிண்டல் செய்வது சுலபம். பஸ், ரயில், தங்குமிடம், வீட்டில் சம்மதம், ஹெச்.ஓ.டி.யிடம் ஓ.டி., கிளாஸ் ஆல்டரேஷனுக்கு இன்னொரு ஸ்டாஃபைக் கெஞ்சுவது, இத்தனையையும் தாண்டித்தான் ஒருவர் நேர்ப் பயிற்சிக்குப் போக வேண்டியிருக்கிறது. சிறு ஊர்களில் இருக்கும் காலேஜ் ஆசிரியர்களுக்கு இது இரண்டு மடங்கு.

இன்னொரு சார் சொன்னது வேறு. "தம்பி, செஷன்ல என்ன சொன்னாங்கன்னு இப்ப ஞாபகம் இல்ல. ஆனா டீ பிரேக்ல வேற காலேஜ் சார் ஒருத்தர், லேப்ல வைவா எப்படி நடத்தறார்னு சொன்னார். அத இன்னிக்கும் ஃபாலோ பண்றேன்." நேர்ப் பயிற்சியின் பலம் இங்கேதான் இருக்கிறது. குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப் பரிசு, குரூப் போட்டோ எல்லாம் போக, பதினோரு மணி டீயும் வடையும்தான் உண்மையான செஷன். அங்கே தன்னுடைய கஷ்டத்தை வெளியே சொல்ல முடிகிறது. 'என் கிளாஸ்ல பாதிப் பேர் அரியர்' என்று நூற்றைம்பது பேர் இருக்கும் ஜூம் மீட்டிங்கில் அன்மியூட் செய்து சொல்ல யாருக்குத் தைரியம் வரும்?

ஆக, ஆன்லைன் பலரை உள்ளே கொண்டுவருகிறது, நேர்ப் பயிற்சி உள்ளே வந்தவர்களைப் பேச வைக்கிறது. இதோடு கட்டுரையை முடித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நண்பன் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. இவர்கள் எங்கே படித்தாலும், நம் கிளாஸில் ஏதாவது மாறியதா?

இதைக் கேட்கும் முன் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆசிரியர் கற்க வேண்டியவை ஒரே வகை கிடையாது. பாடத்தைத் தெரிந்துகொள்வது ஒன்று. அந்தப் பாடத்தை, அதுவே தெரியாத ஒருவனுக்குப் புரிய வைப்பது வேறொன்று. லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1986இல் இந்த இரண்டாவதைத் தனி அறிவாகவே எடுத்துப் பேசினார். லாப்லாஸ் டிரான்ஸ்ஃபார்ம் தெரிவது கணித அறிவு. அதில் மாணவர்கள் எந்த இடத்தில் தடுக்கி விழுவார்கள், அந்த இடத்தில் என்ன உதாரணம் சொன்னால் எழுந்து நிற்பார்கள் என்று தெரிவது இன்னொரு அறிவு. 'சாருக்கு நாலெட்ஜ் இருக்கு, ஆனா நடத்தத் தெரியல' என்று நாம் கேன்டீனில் சொல்வோமே, அதைத்தான் அவர் நாகரிகமாகச் சொல்லியிருக்கிறார்.

பாடத்தைப் பொறுத்தவரை ஆன்லைன் தோற்கவில்லை. என்.பி.டி.இ.எல்.லை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் எழுதும் அதே கோர்ஸை நம் ஸ்டாஃபும் எழுதுகிறார்கள். வாரா வாரம் அசைன்மென்ட், அதற்கு 25 சதவீதம். கடைசியில் நேரில் போய் எழுதும் தேர்வு, அதற்கு 75 சதவீதம். எட்டு வாரக் கோர்ஸ் முடித்தால் ஒரு வார எஃப்.டி.பி.க்குச் சமம் என்று ஏ.ஐ.சி.டி.இ. கணக்கும் உண்டு. எங்கள் எக்ஸாம் சென்டரில் நான் ஒரு சிஸ்டத்திலும், எனக்குப் பாடம் எடுக்கும் மேம் இரண்டு சிஸ்டம் தள்ளியும் உட்கார்ந்து ஒரே பேப்பர் எழுதினோம். மேமுக்கு எலைட் ப்ளஸ் சில்வர். எனக்கு என்ன வந்தது என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. புரியாத இடத்தை நிறுத்தி, திரும்ப ஓட விட்டுப் பார்க்கலாம். ஐ.ஐ.டி. பேராசிரியரே நேரடியாக நடத்துகிறார். மெனக்கெட்டு அசைன்மென்ட் போட்டால் பாடம் ஏறத்தான் செய்யும். பின்னால் ஒரு தேர்வு காத்திருப்பதால் மியூட்டில் ஓட விட்டுத் தப்பிக்க முடியாது.

பள்ளிக் கல்வியில் இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2019 ஆகஸ்டில் மத்திய அரசு நிஷ்டா என்ற பயிற்சியைத் தொடங்கியது. தொடக்க நிலையில் சுமார் 42 லட்சம் ஆசிரியர்களையும் தலைமை ஆசிரியர்களையும் எட்டுவது இலக்கு. இத்தனை பேருக்கும் ஒரே நிபுணர் நேரில் போய் நடத்த முடியாது. அதனால் தேசிய அளவில் சிலருக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் மாநிலத்தில் சிலருக்குக் கொடுத்து, அவர்கள் ஆசிரியர்களுக்குக் கொடுப்பார்கள். இ.சி.இ. படிக்கிறவர்களுக்கு இதன் பிரச்சினை உடனே புரியும். அனலாக் சிக்னலை ரிப்பீட்டர் மேல் ரிப்பீட்டர் வைத்து அனுப்பினால், ஒவ்வொரு கட்டத்திலும் சிக்னலோடு சேர்ந்து நாய்ஸும் பெருகும். மேலே 'குழந்தையைப் பேச விடுங்கள்' என்று கிளம்பிய செய்தி, கீழே வரும்போது 'இந்த ஃபார்மை நிரப்புங்கள்' என்று வந்து சேர வாய்ப்பு உண்டு. 2020 அக்டோபரில் அதே நிஷ்டா, தீக்ஷா தளத்தில் 18 மாட்யூல்களாக ஆன்லைனுக்கு வந்தது. இப்போது நடுவில் ரிப்பீட்டர் இல்லை, எல்லோருக்கும் ஒரே வீடியோ. ஆனால் கேள்வி கேட்டால் பதில் சொல்லவும் நடுவில் ஆள் இல்லை.

நம் இன்ஜினியரிங் உலகத்திலேயே இந்த இரண்டையும் சேர்த்துச் செய்த ஒரு நல்ல முயற்சி இருந்தது. இதைப் பற்றி நம் செட்டில் பலருக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். ஐ.ஐ.டி. பாம்பேயில் பேராசிரியர் தீபக் பாட்டக் குழுவினர் நடத்திய 'பத்தாயிரம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி' திட்டம் அது. ஒரே சமயத்தில் நாடு முழுக்க இருக்கும் ஆசிரியர்களுக்கு ஒர்க்‌ஷாப். விரிவுரை மும்பையிலிருந்து நேரலையில் வரும், அமிர்தா பல்கலைக்கழகம் உருவாக்கிய ஏ-வ்யூ மென்பொருள் வழியாக. ஆனால் ஆசிரியர்கள் வீட்டிலிருந்து பார்க்கவில்லை. அவரவர் ஊருக்குப் பக்கத்தில் ரிமோட் சென்டராக இருக்கும் ஒரு காலேஜுக்கு வந்து, ஹாலில் மற்ற ஆசிரியர்களோடு உட்கார்ந்து பார்த்தார்கள். விரிவுரை முடிந்ததும் லேபும் டுடோரியலும் அங்கேயே, நேரில். அதை நடத்தும் உள்ளூர் கோஆர்டினேட்டர் முன்கூட்டியே ஐ.ஐ.டி.க்குப் போய்ப் பயிற்சி எடுத்துவிட்டு வந்திருப்பார். ஒரு சென்டரிலிருந்து கேள்வி வந்தால், அதையும் பதிலையும் மற்ற சென்டர்களும் கேட்கும்.

இதில் எனக்குப் பிடித்தது வேலையைப் பிரித்த விதம். நிபுணர் ஒருவர்தான் இருக்கிறார், அவரை எல்லா இடத்துக்கும் கொண்டுபோக வேண்டும், அதற்கு நெட். புரோகிராம் ஓடாமல் எர்ரர் வரும்போது பக்கத்தில் ஆள் வேண்டும், அதற்கு சென்டர். மேம் சொன்ன பிரச்சினைக்கும் பாதி வழி கிடைக்கிறது, சார் சொன்ன டீ பிரேக்கும் கிடைக்கிறது. இன்று ஆளுக்கொரு லேப்டாப், ஆளுக்கொரு நெட் கனெக்‌ஷன் வந்துவிட்டதால், ஒன்றாக உட்காரும் அந்த ஹால் தேவையில்லை என்று நாம் நினைத்துவிட்டோம்.

இனி நண்பனின் கேள்விக்கு வருகிறேன். பயிற்சிக்குப் பிறகு மாணவனிடம் ஏதாவது மாறியதா என்று ஒழுங்காக அளந்து பார்த்த ஆய்வுகள் சில இருக்கின்றன. மூன்றை மட்டும் சொல்கிறேன்.

2013இல் அமெரிக்காவில் பேரி ஃபிஷ்மன் குழு வெளியிட்டது. 49 உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள். எல்லோருக்கும் ஒரே சுற்றுச்சூழல் அறிவியல் பாடத்திட்டம். குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்கு அதை நடத்துவதற்கான பயிற்சி நேரில், மீதிப் பேருக்கு ஆன்லைனில். ஆசிரியர்கள் நடத்திய விதத்திலும் சரி, மாணவர்கள் கற்றதிலும் சரி, இரண்டு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அப்படியென்றால் ஆன்லைனே போதுமா? கவனியுங்கள், அங்கே எல்லோர் கையிலும் விரிவான பாடத்திட்டம் தயாராக இருந்தது. பயிற்சி அந்தப் பாடத்தோடு ஒட்டி இருந்தது. 'ரீசன்ட் டிரெண்ட்ஸ் இன்…' என்று தொடங்கும் எந்தத் தலைப்பும் இல்லை.

இரண்டாவது தென்னாப்பிரிக்கா. இதில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். ம்புமலங்கா மாகாணத்தில் 180 தொடக்கப் பள்ளிகள், மூன்று வருடம். ஆரம்ப வகுப்புக் குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கு உதவி. ஒரு தொகுதிப் பள்ளிகளுக்குப் பயிற்றுநர் நேரில் போவார், வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பார், பிறகு ஆசிரியரோடு பேசுவார். இன்னொரு தொகுதிக்கு டேப்லெட்டில் பாடக் குறிப்புகள், வீடியோக்கள். பயிற்றுநர் போனிலும் மெசேஜிலும் பேசுவார். மூன்றாவது தொகுதிக்கு எதுவும் இல்லை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. 2022இல் முடிவு வெளியானது. நேரில் போன பள்ளிகளில் குழந்தைகளின் ஆங்கிலப் பேச்சு 0.31 ஸ்டாண்டர்ட் டீவியேஷன் உயர்ந்தது, வாசிப்பு 0.13. போன் வழியில் பேச்சு 0.12 மட்டும், வாசிப்பில் மாற்றம் இல்லை. ஸ்டாண்டர்ட் டீவியேஷன் நமக்குப் புதுசில்லை. பள்ளிக் கல்வி ஆய்வுகளில் 0.31 என்பது பெரிய எண்.

அதைவிட எனக்கு உறைத்தது வேறு. டேப்லெட் தொகுதியில் குழந்தைகளின் தாய்மொழி வாசிப்பு குறைந்தே போயிருக்கிறது. ஆங்கிலத்துக்குக் கொடுத்த நேரம் தாய்மொழி வகுப்பைத் தின்றுவிட்டது. தமிழ் இதழில் எழுதிக்கொண்டு இந்த வரியை எப்படிச் சாதாரணமாகக் கடப்பது! ஏன் இப்படி என்றும் ஆய்வாளர்கள் பார்த்தார்கள். தொழில்நுட்பம் தடையாக இல்லை, டேப்லெட் நன்றாகவே வேலை செய்தது. நேரில் ஆள் வரும்போது இருந்த பொறுப்பும் ஆதரவும் போனில் வரவில்லை. அடுத்த முறை பயிற்றுநர் வந்து பின் வரிசையில் உட்காருவார் என்று தெரிந்தால் நாம் எப்படித் தயாராவோம், அப்படித்தான்.

இத்தோடு நேர்ப் பயிற்சிதான் ஜெயித்தது என்று முடிவு கட்டினால் மூன்றாவது ஆய்வு குறுக்கே வந்து நிற்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா. ஜோசப் ஆலன், ராபர்ட் பியான்டா குழு 2011இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டது. 78 ஆசிரியர்கள், இரண்டாயிரத்துக்கும் மேல் மாணவர்கள். ஆசிரியர் தன்னுடைய வகுப்பை வீடியோ எடுத்துப் பயிற்றுநருக்கு அனுப்புவார். பயிற்றுநர் அதிலிருந்து சின்னச் சின்னத் துண்டுகளை எடுத்து, இந்த இடத்தில் அந்த மாணவன் என்ன நினைத்திருப்பான், நீங்கள் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேள்வி அனுப்புவார். பிறகு போனில் பேசுவார்கள். தொடக்கத்தில் நடந்த ஒர்க்‌ஷாப் தவிர, வருடம் முழுக்க வேலை தூரத்திலிருந்துதான். பயிற்சி முடிந்த அடுத்த வருடம் அந்த ஆசிரியர்களிடம் படித்த மாணவர்களின் மதிப்பெண், ஐம்பதாவது பெர்சன்டைலில் இருக்கும் ஒருவன் ஐம்பத்தொன்பதுக்குப் போகும் அளவு உயர்ந்தது.

தென்னாப்பிரிக்காவிலும் தூரத்திலிருந்துதான், வர்ஜீனியாவிலும் தூரத்திலிருந்துதான். நாடு வேறு, வகுப்பு வேறு, நேராக ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் ஒரு வித்தியாசம் கண்ணில் படுகிறது. முதலாவதில் பயிற்றுநர் ஆசிரியரோடு பேசினார். இரண்டாவதில் பயிற்றுநர் ஆசிரியரின் வகுப்பைப் பார்த்தார். என் கணிப்பு, மொத்த விஷயமும் இங்கேதான் இருக்கிறது. ஆன்லைனா நேரிலா என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி: இந்தப் பயிற்சியில் அந்த ஆசிரியரின் வகுப்பை யாராவது பார்க்கிறார்களா?

இப்போது நம் எஃப்.டி.பி.களைப் பாருங்கள். ஆன்லைனில் நடப்பதில் யாரும் பார்ப்பதில்லை, சரி. நேரில் ஏசி ஹாலில் நடப்பதில் மட்டும் யார் பார்க்கிறார்கள்? அங்கேயும் நிபுணர் பேசுகிறார், ஆசிரியர் கேட்கிறார், ஆறாவது நாள் ஊர் திரும்புகிறார். ஒன்றில் மியூட்டில் இருக்கிறார், இன்னொன்றில் பின் வரிசையில் இருக்கிறார்.

விதிவிலக்கு உண்டு. மைக்ரோ டீச்சிங் என்று ஒரு முறை, 1960களில் ஸ்டான்ஃபோர்டில் ட்வைட் ஆலன் குழு உருவாக்கியது. ஆசிரியர் ஒரு சின்னப் பகுதியை மட்டும் ஐந்து பத்து நிமிடம் நடத்துவார், அதை வீடியோ எடுத்து, போட்டுப் பார்த்து, குறை சொல்லி, திரும்ப நடத்த வைப்பார்கள். நம் ஊர் பி.எட். மாணவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். என்.ஐ.டி.டி.டி. திட்டத்திலும் ஆன்லைன் மாட்யூலோடு, வழிகாட்டி ஒருவரின் கீழ் பயிற்சி என்று ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள். எழுதியவர்களுக்கு விஷயம் தெரியும் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் எது எண்ணப்படுகிறது? என்.பி.ஏ. அங்கீகாரத்துக்காகக் காலேஜ்கள் நிரப்பிவந்த சுயமதிப்பீட்டுப் படிவத்தில் ஒரு கணக்கு உண்டு. 2 முதல் 5 நாள் எஃப்.டி.பி.யில் கலந்துகொண்டால் ஆசிரியருக்கு 3 புள்ளி, 5 நாளுக்கு மேல் என்றால் 5 புள்ளி. நாட்கள் எண்ணப்படுகின்றன. அதற்குப் பிறகு வகுப்பில் என்ன நடந்தது என்பதற்கு அங்கே கட்டம் இல்லை. புரமோஷனுக்கும் சர்டிஃபிகேட் வேண்டும். இப்படி இருக்கும்போது, பேப்பர் திருத்திக்கொண்டே எஃப்.டி.பி. ஓட விடும் சாரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நாமும் சர்டிஃபிகேட்டுக்காக ஒர்க்‌ஷாப் போகிறவர்கள்தானே! அந்த இன்டர்னல் பேப்பரை அன்று மாலைக்குள் திருத்தி மார்க் ஏற்றச் சொல்லியிருந்தார்களாம். பின்னால்தான் தெரிந்தது.

பார்ப்பது என்றவுடன் ஒரு பயம் வரும். யார் பார்ப்பார்கள், எதற்குப் பார்ப்பார்கள்? மேனேஜ்மென்ட் சி.சி.டி.வி. வைத்துப் பார்ப்பதும் பார்ப்பதுதான். அதனால் யாருக்கும் பாடம் நடத்த வந்துவிடாது, பயம்தான் வரும். செமஸ்டர் முடிவில் நாம் டிக் அடிக்கும் ஃபீட்பேக் ஃபார்மும் அப்படித்தான். எல்லாவற்றுக்கும் 'எக்ஸலன்ட்' போட்டுவிட்டுப் போகிறோம், அல்லது கோபத்தில் எல்லாவற்றுக்கும் 'புவர்'. அதைப் படித்து ஒருவர் என்ன திருத்திக்கொள்ள முடியும்? வர்ஜீனியாவில் வீடியோவைப் பார்த்தவர் மார்க் போடுகிறவர் இல்லை, கூட நின்று யோசிக்கிறவர்.

இதை எழுதத் தொடங்கியபோது எங்கள் சார் ஒருவரிடம் இந்த வர்ஜீனியா கதையைச் சொன்னேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. எங்களுக்கு அவர் எடுக்கும் பேப்பர் எல்லோரும் பயப்படும் பேப்பர், போன செட்டில் நிறைய அரியர். கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். இரண்டு நாள் கழித்து கிளாஸுக்கு வரும்போது தன்னுடைய போனை என்னிடம் கொடுத்தார். "லாஸ்ட் பெஞ்ச்ல வச்சு ஒரு இருபது நிமிஷம் எடு. பசங்க முகம் வேண்டாம், என்ன மட்டும் எடு. யார்கிட்டயும் ஃபார்வர்ட் பண்ணிடாத" என்றார். புத்தகத்தைச் சாய்த்து வைத்து எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் கூப்பிட்டார். தானும், கூட வேலை பார்க்கும் இன்னொரு சாரும் சேர்ந்து பார்த்தார்களாம். "நான் போர்டுகிட்டதான்பா பேசறேன், உங்ககிட்ட இல்ல" என்றார். அப்புறம் அந்த இன்னொரு சார் கண்டுபிடித்த ஒன்று. இருபது நிமிடத்தில் ஏழு முறை 'எனி டவுட்ஸ்?' என்று கேட்டிருக்கிறார். கேட்ட கையோடு திரும்பி போர்டை அழித்திருக்கிறார். நடுவில் இருந்த இடைவெளி அதிகபட்சம் ஒரு நொடி. இதுவும் இவர் ஒருவரின் பழக்கம் மட்டும் கிடையாது. மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களிலேயே அமெரிக்க வகுப்பறைகளில் டேப் ஓட விட்டு அளந்திருக்கிறார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று நொடியாக நீட்டினால் மாணவர்களின் பதில்கள் நீள்கின்றன, பேசாதவர்களும் பேசுகிறார்கள்.

எந்த எஃப்.டி.பி.யிலும் சார் இதைக் கேள்விப்பட்டிருக்கலாம். தன் வீடியோவில் தானே போர்டை அழிப்பதைப் பார்த்தது அன்றுதான்.

அடுத்த கிளாஸில் 'எனி டவுட்ஸ்?' என்று கேட்டுவிட்டு, டஸ்டரை மேஜையில் வைத்துவிட்டு நின்றார். மூன்று நொடி என்பது எவ்வளவு நீளம் என்று அன்றுதான் எங்களுக்கும் தெரிந்தது. முன் வரிசையில் யாரோ இருமினார்கள். சார் நகரவில்லை. மூன்றாவது பெஞ்சிலிருந்து, இரண்டு வருடமாகக் கிளாஸில் வாயே திறக்காத ஒருத்தி, "சார், அந்த ரெண்டாவது ஸ்டெப்ல மைனஸ் எப்படி வந்துச்சு?" என்றாள்.

எனக்கும் அதே டவுட்தான்.